குலுக்கினா செரிக்குமா? டாக்டர் கெல்லாக்கின் கதை

மதியம் வயிறு நிறைய ஒரு கட்டு கட்டிட்டு, திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுல பாபநாசம் பஸ் ஏறுறீங்கன்னு வைங்க. கடைசி சீட்டு மட்டும்தான் காலி. பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சின்னு ஒவ்வொரு ஊரும் தாண்டத் தாண்ட, உங்க உடம்புல உள்ள எலும்பு எத்தனைன்னு தனித்தனியா எண்ணிடலாம். பக்கத்து சீட்டு அண்ணாச்சி, இந்த பஸ்ல வந்தா சூரணமே வேண்டாம், தின்னது தானா செரிச்சிரும்னு சிரிப்பார். முன் சீட்டு அக்காவோ ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே, இந்தக் குலுக்கலுக்குச் சாப்பிடாமலே வந்திருக்கலாம்னு முனகுவாங்க.

ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி? உடம்பு குலுங்கினா வயித்துக்கு நல்லதா, கெட்டதா?

கேள்வி வேடிக்கையா இருக்குல்ல? ஆனா இதை வேடிக்கையா எடுத்துக்காம, வாழ்நாளில் பெரும்பகுதியை வயித்துக்கும் குடலுக்கும் கொடுத்து, குலுக்குறதுக்குன்னே மெஷின்கள் செஞ்சு, ஆயிரக்கணக்கானவங்களை அதுல உட்கார வெச்ச ஒரு டாக்டர் இருந்தார். அவர் குடும்பப் பெயர் உங்களுக்குத் தெரியும். சூப்பர் மார்க்கெட்ல கார்ன் ஃப்ளேக்ஸ் அட்டைப்பெட்டி மேல சிவப்பு எழுத்துல இருக்கும். ஜான் ஹார்வி கெல்லாக். ஆனா அந்தக் கம்பெனி அவரோடது இல்லை. அது தனிக் கதை, அதுக்கும் வருவோம்.

துடைப்பக் கம்பெனிப் பையன்

கெல்லாக் பிறந்தது 1852 பிப்ரவரி 26 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். பெரிய குடும்பம். அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே குடும்பம் பேட்டில் கிரீக் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா அங்கே துடைப்பம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பையனும் அதில் வேலை பார்த்தான். செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. உலகம் சீக்கிரமே முடியப்போகிறது என்று நம்பியதால், பிள்ளைகளை நீண்ட நாள் பள்ளிக்கு அனுப்புவதில் பெற்றோருக்கு அக்கறை இல்லை. பையன் நோஞ்சான் வேறு. வயிற்றுக் கோளாறு அவனைச் சின்ன வயதிலிருந்தே விடவில்லை.

பன்னிரண்டு வயதில் சபையின் அச்சகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். எழுத்துக் கோத்தான், பிழை திருத்தினான். உடல்நலம், உணவு, தண்ணீர் வைத்தியம் பற்றிய கட்டுரைகள்தான் அவன் கைக்கு அதிகம் வந்தன. சம்பளத்துக்காக வாசித்ததே படிப்பாகிவிட்டது. பதினாறு வயதில் பள்ளி ஆசிரியர். பிறகு சபையின் உதவியோடு மருத்துவப் படிப்பு. 1875இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார்.

அடுத்த வருஷமே, 24 வயதில், பேட்டில் கிரீக்கில் சபை நடத்திவந்த சின்ன மருத்துவ விடுதிக்குத் தலைவரானார். நம்ம கணக்குல சொல்லணும்னா, மணியாச்சி வழியா திருநெல்வேலிக்கு ரயில் வந்து சேர்ந்த காலகட்டம் அது. மாட்டு வண்டியிலயும் பல்லக்குலயும் போய்க்கிட்டிருந்த நம்ம தாமிரபரணிக்கரை ஜனங்க, முதன்முதலா இரும்புச் சக்கரத்தின் அதிர்வை உட்காரும் இடத்தில் உணர ஆரம்பிச்ச நேரம். உலகம் முழுக்கவே அப்படித்தான். ரயில் வந்த ஊர்ல எல்லாம் டாக்டர்களுக்கு ஒரு புதுக் கேள்வி வந்தது: இந்த அதிர்வு மனுஷ உடம்பை என்ன செய்யும்?

எல்லா வழியும் குடலுக்கே

கெல்லாக் அந்த விடுதிக்கு சானிடேரியம் என்று பெயர் வைத்தார். ஊர்க்காரர்கள் சுருக்கமாக சான் என்றார்கள். சில பத்தாண்டுகளில் அது ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் தங்கும் பெரிய நிறுவனமானது. ஜனாதிபதி டாஃப்ட், எடிசன், ஹென்ரி ஃபோர்டு, விமானி அமேலியா இயர்ஹார்ட் எல்லோரும் அங்கே வந்து போனவர்கள்.

கெல்லாக்கின் மருத்துவத்தை ஒரே வரியில் சொல்லலாம். பெரும்பாலான நோய்களுக்கு மூலம் பெருங்குடல். அங்கே மலம் தேங்கினால் அது அழுகி, விஷம் ரத்தத்தில் கலந்து, தலைவலி முதல் சோர்வு வரை எல்லாவற்றையும் கொண்டுவரும் என்று அவர் நம்பினார். அந்தக் கொள்கைக்குத் தன்விஷமாதல் என்று பெயர். அவர் மட்டுமல்ல, அன்று ஐரோப்பாவின் பெரிய டாக்டர்களும் அதை நம்பினார்கள். சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு முறை வயிறு சுத்தமாக வேண்டும் என்பது கெல்லாக்கின் கணக்கு. சிரிக்காதீங்க, காலைல எழுந்ததும் வயிறு சரியா போச்சான்னு கேக்கிற தாத்தா பாட்டி நம்ம வீட்டுலயும் இருக்காங்க.

அதனால் சானில் எல்லாம் குடலைச் சுற்றியே நடந்தது. இறைச்சி இல்லை, மது இல்லை, புகையிலை இல்லை, காபி கூட இல்லை. தவிடு நீக்காத தானியம், பழம், கொட்டை வகைகள். உணவைக் கூழாகும் வரை மென்று விழுங்க வேண்டும். தயிரை வாய் வழியாகவும் கொடுத்தார், எனிமாவாகவும் கொடுத்தார். குளிர்ந்த நீரில் குளியல், மூச்சுப் பயிற்சி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேண்டு வாத்தியத்தோடு அணிவகுப்பு நடை.

இத்தனைக்கும் பிறகு மெஷின்கள்.

நடுங்கும் நாற்காலி

குலுக்கி வைத்தியம் பார்க்கும் யோசனை கெல்லாக் தலையில் மட்டும் உதித்தது அல்ல. சுவீடனில் குஸ்தாவ் சாண்டர் என்ற டாக்டர் 1865இல் ஸ்டாக்ஹோமில் ஒரு நிலையம் திறந்தார். நீராவியில் ஓடும் மெஷின்கள் கையை, காலை, முதுகை அசைத்துப் பயிற்சி கொடுத்தன. வயிற்றைப் பிசைந்துவிடவே ஒரு தனி மெஷின் இருந்தது. இன்னைக்கு நீங்க ஜிம்முல பாக்குற கருவிகளுக்கெல்லாம் அவர்தான் பாட்டனார். பாரிஸில் ஷார்கோ என்ற நரம்பியல் மேதை இன்னொரு விஷயத்தைக் கவனித்தார். நடுக்குவாத நோயாளிகள் ரயிலிலோ குதிரை வண்டியிலோ நீண்ட தூரம் வந்து இறங்கினால், முன்பைவிட உடம்பு தேவலை என்றார்கள். அவர் உடனே ரயில் பெட்டி மாதிரி குலுங்கும் ஒரு நாற்காலி செய்யச் சொன்னார். ஆனால் ஆராய்ச்சியை முழுதாக முடிக்கும் முன்பே, 1893இல் இறந்துபோனார்.

கெல்லாக் இந்த யோசனைகளை எடுத்துத் தன் பட்டறையில் குடலுக்காகத் திருப்பினார். பேட்டில் கிரீக்கில் நடுங்கும் நாற்காலிகள் வந்தன. பார்க்கச் சாதாரண மரநாற்காலிதான். விசை போட்டதும் உட்கார்ந்திருப்பவரின் பல் தந்தியடிக்கும் அளவுக்கு ஆடும். குடலின் அலை அலையான தள்ளும் அசைவை இந்த நடுக்கம் தூண்டிவிடும் என்பது டாக்டரின் வாதம். அது போக நடுங்கும் மேடை, வயிற்றைப் பிசையும் உருளைகள், முதுகில் தட்டும் கருவி, ஏறி உட்கார்ந்தால் ஓடுவது போல ஆடும் குதிரை.

அப்போ இது பெரிய ஃபேஷன். 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையில் மின்சாரக் குதிரையும் இருந்தது, மின்சார ஒட்டகமும் இருந்தது. ஜனாதிபதி கூலிட்ஜ் வெள்ளை மாளிகையிலேயே ஒரு மின்சாரக் குதிரை வைத்திருந்தார். இன்ஜினியரிங் படிக்கிற நீங்க இதுல ஒண்ணைக் கவனிக்கணும். நீராவி, பிறகு மின்மோட்டார் என்று ஒரு புது சக்தி கைக்கு வந்ததும், அதை உடம்புக்கும் ஒரு மருந்தாக்கிப் பார்க்க மனுஷனுக்கு ஆசை வந்துருது. நேத்து மோட்டார், இன்னைக்கு வேற ஏதோ ஒண்ணு.

நாற்காலி வேலை செய்ததா?

சானிலிருந்து திரும்பியவர்களில் பலர் உண்மையிலேயே தேறித்தான் போனார்கள். மலச்சிக்கல் போனது, தூக்கம் வந்தது, எடை குறைந்தது. அதில் பொய் இல்லை.

ஆனா நீங்க ஒரு லேப் ரிப்போர்ட் எழுதுறீங்கன்னு வைங்க. அந்த நோயாளிக்கு ஒரே வாரத்தில் என்னென்ன மாறியது? இறைச்சியும் மதுவும் நின்றன. நார்ச்சத்து பல மடங்கு கூடியது. தினமும் நடந்தார். நிறையத் தண்ணீர் குடித்தார். வேலைக் கவலை இல்லை. புகை இல்லை. நேரத்துக்குத் தூங்கினார். இதோட நாற்காலியிலும் உட்கார்ந்தார். ஏழெட்டு மாறிகளை ஒரே நேரத்துல மாத்திட்டு, விளைவை மட்டும் நாற்காலி கணக்குல எழுதினா உங்க புரொபசர் விடுவாரா? தவிடும் நடையும் மட்டுமே அந்தக் குடலைச் சரி பண்ணப் போதும். அவை சத்தம் போடாமல் வேலை செய்தன, நாற்காலி சத்தம் போட்டது. பெயர் நாற்காலிக்குப் போனது.

நாற்காலியில் உட்காராமல், மற்றதெல்லாம் அதேபோலச் செய்த ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்த வழக்கம் அன்றைய மருத்துவத்தில் இன்னும் வேர் பிடிக்கவில்லை. அதை முழுக்கக் கெல்லாக்கின் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு இன்னொரு குணம் இருந்தது. ஒன்றை நம்பிவிட்டால், அதைச் சோதித்துப் பார்ப்பதைவிட ஊருக்குச் சொல்வதில்தான் வேகம். புத்தகம், சொற்பொழிவு, பத்திரிகை எல்லாம் அவர் கையில் இருந்தன.

சோதித்துப் பார்க்க வேறு ஆட்கள் வந்தார்கள். மலம் தேங்கினால் வரும் தலைவலிக்கும் சோர்வுக்கும் காரணம் விஷமல்ல, குடல் நிரம்பி விரிவதால் நரம்புகள் அனுப்பும் செய்திதான் என்று 1919இல் வால்டர் ஆல்வரெஸ் என்ற டாக்டர் அமெரிக்க மருத்துவ இதழில் வாதிட்டார். 1922இல் டொனால்ட்சன் என்பவர் நேரடியாகச் செய்தே காட்டினார். சம்மதித்த ஆட்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தார். பஞ்சில் ஏது விஷம்? ஆனாலும் அதே தலைவலி, அதே எரிச்சல், அதே மந்தம். பஞ்சை எடுத்ததும் சீக்கிரமே சரியாகிவிட்டது. விஷம் ரத்தத்தில் கலந்திருந்தால் இவ்வளவு வேகமாகத் தெளியாது. ஒரு உருண்டைப் பஞ்சு, ஒரு பெரிய கொள்கையைச் சாய்த்துவிட்டது.

அண்ணன் தம்பி

இந்த நேரத்துல கார்ன் ஃப்ளேக்ஸ் கதையைச் சொல்லிடுறேன். ஜானின் தம்பி வில் கீத், அண்ணனைவிட எட்டு வயது இளையவர். சானின் கணக்கு வழக்கு, கடிதம், சரக்கு எல்லாம் அவர் தலையில். அண்ணன் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே சொல்வாராம், தம்பி பக்கத்தில் ஓடிக்கொண்டே குறித்துக்கொள்ள வேண்டுமாம். சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு.

1894இல், வேகவைத்த கோதுமை மாவு கவனிக்காமல் கிடந்து ஊசிப்போக, வீணாக்க மனமில்லாமல் அதை உருளைகளில் விட்டார்கள். தட்டைத் தகடாக வராமல் செதில் செதிலாக வந்தது. நோயாளிகளுக்கு எளிதில் செரிக்கும் உணவு கிடைத்துவிட்டது. 1896இல் ஜான் பெயரில் காப்புரிமை. பிறகு கோதுமைக்குப் பதில் மக்காச்சோளம். சானுக்கு நோயாளியாக வந்த சி. டபிள்யூ. போஸ்ட் என்பவர் அங்கே பார்த்ததை வைத்து வெளியே கம்பெனி தொடங்கிப் பணக்காரரானார். தம்பி பொறுத்துப் பார்த்தார். 1906இல் தனியாகக் கம்பெனி ஆரம்பித்தார், செதிலில் சர்க்கரை சேர்த்தார். அண்ணனுக்கு அது துரோகம். பெயர் யாருக்கு என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, 1920இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்தில் தம்பி ஜெயித்தார். பெட்டி மேல இருக்கிற பெயர் தம்பியோடது.

இதற்குள் சபையும் ஜானை 1907இல் நீக்கியிருந்தது. 1902இல் தீயில் எரிந்த சானை அவர் மறுவருஷமே கட்டி எழுப்பியிருந்தார். மனுஷன் அசரவில்லை.

இருண்ட பக்கம்

இதைச் சொல்லாம விட்டா கதை முழுசாகாது. கெல்லாக்குக்குச் சொந்தக் குழந்தை இல்லை. அவரும் மனைவி எல்லாவும் நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள், சிலரைச் சட்டப்படி தத்தெடுத்தார்கள். இவ்வளவு அன்பு செய்த அதே மனிதர், மனித இனத்தை வடிகட்ட வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கையின் பெரிய பிரசாரகர். தகுதி இல்லாதவர்கள் பிள்ளை பெறக் கூடாது, இனங்கள் கலக்கக் கூடாது என்று பேசினார். அதற்கென ஒரு அறக்கட்டளையே நடத்தினார். 1914இல் பேட்டில் கிரீக்கில் பெரிய மாநாடு கூட்டினார். மிச்சிகனில் 1913இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் வந்தபோது அவர் மாநில சுகாதார வாரிய உறுப்பினர். அந்த மாநிலத்தில் பின்வந்த ஆண்டுகளில் 3,700க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த அறுவை செய்யப்பட்டது.

நாற்காலிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். ரெண்டும் ஒரே பழக்கத்தில் முளைத்தவை. வெள்ளை உடை போட்ட ஒருத்தர், சோதிக்காத ஒன்றை உறுதியாகச் சொல்வது. நாற்காலி விஷயத்தில் அந்த உறுதியால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, கொஞ்ச நேரம் பல் ஆடியதோடு சரி. இன்னொரு விஷயத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கை போனது.

இப்போ நம்ம பஸ்ஸுக்கு வருவோம்

கெல்லாக் இறந்த பிறகுதான் முழு உடல் அதிர்வு என்பது ஒரு தனி ஆராய்ச்சித் துறையாக வளர்ந்தது. ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேசத் தர அளவுகோல் 1974இல் வந்தது. அது சொல்லும் முக்கியமான பாடம் இதுதான்: அதிர்வுன்னு ஒரே ஒரு பொருள் கிடையாது. எத்தனை ஹெர்ட்ஸ், எவ்வளவு வேகமுடுக்கம், எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் அதிர்வு நல்லது என்றாலும் கெட்டது என்றாலும் அர்த்தமில்லை. மாத்திரை நல்லதா என்று மட்டும் கேட்பது மாதிரி. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம்?

முதல்ல ரொம்ப மெதுவான ஆட்டம். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் வளைவுகளை நினைச்சுக்கோங்க. பஸ் இடதும் வலதும் சாயும் வேகம் சில விநாடிக்கு ஒரு முறை. 0.1 முதல் 0.5 ஹெர்ட்ஸ் வரையிலான இந்த ஆட்டம்தான் குமட்டலைக் கொண்டுவருவதில் கெட்டிக்காரன். உங்க இரைப்பைக்குச் சொந்தமாகவே ஒரு தாளம் இருக்கு: நிமிஷத்துக்கு ஏறத்தாழ 3 மின்அலை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்பும்போது இந்தத் தாளம் கெட்டு நிமிஷத்துக்கு 4 முதல் 9 வரை தாறுமாறாக ஓடும். உணவு கீழே இறங்குவது தாமதமாகும். ஆக, எலுமிச்சம்பழ அக்கா கட்சிக்கு ஒரு மார்க். மலைப்பாதையில் சாப்பாடு செரிப்பதில்லை, காத்திருக்கிறது. சில நேரம் திரும்பியும் வருகிறது.

அடுத்தது 4 முதல் 8 ஹெர்ட்ஸ். உங்க உடம்பை ஒரு ஸ்பிரிங், மாஸ், டாம்பர் படமா வரைஞ்சு பாருங்க. ஈரலும் இரைப்பையும் குடலும் உதரவிதானத்துக்குக் கீழே தொங்கும் கனம். உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடல் மேலும் கீழுமாக ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு அடைகிறது. சீட்டு ஆடுவதைவிட உள்ளே இருப்பது அதிகமாக ஆடும். பிசானத்துக்கு உழும்போது அம்பாசமுத்திரம் பக்கம் வயலில் ஓடும் டிராக்டரைப் பாருங்க. பின்சக்கரத்துக்குச் சரியான சஸ்பென்ஷன் கிடையாது, டயரின் காற்றும் சீட்டு ஸ்பிரிங்கும்தான் காப்பு. அதன் ஆட்டம் பெரும்பாலும் 2 முதல் 6 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. அதாவது வயிறு ஆட ஆசைப்படும் அதே இடத்தில்.

டிராக்டர் ஓட்டுநர்களிடம் வயிற்றுக் கோளாறு அதிகம் என்று 1960இலேயே ஐரோப்பிய ஆய்வு ஒன்று சொன்னது. அதற்குப் பிறகும் இப்படிப்பட்ட ஆய்வுகள் வந்தன. ஆனா இங்கேயும் கெல்லாக் நாற்காலியின் அதே சிக்கல். டிராக்டர் ஓட்டுபவர் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. வெயில், வெறும் வயித்துல டீ, குனிந்தே உட்காரும் நிலை, தூக்கக் குறைவு எல்லாம் கூடவே இருக்கு. வயிற்று எரிச்சலுக்கு அதிர்வு மட்டும்தான் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் ஐஎஸ்ஓ தர அளவுகோல் இடுப்பையும் முதுகெலும்பையும் முதலில் வைத்து, செரிமான உறுப்புகளைக் குறைந்த வாய்ப்புள்ளவை என்ற இடத்தில் வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 8 மணி நேர வேலைக்குச் சராசரி 1.15 மீட்டர்/விநாடி² என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 0.5ஐத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

மூணாவது, வேகமான நடுக்கம். ஜங்ஷன் சிக்னலில் நிற்கும் பஸ்ஸின் ஆறு சிலிண்டர் எஞ்சின் 600 ஆர்பிஎம்மில் ஐடிலில் ஓடுதுன்னா, விநாடிக்கு 10 சுற்று, சுற்றுக்கு 3 வெடிப்பு, ஆக 30 ஹெர்ட்ஸ். ஜன்னல் கண்ணாடி கடகடன்னு அடிக்கும், உங்க கன்னம் கூட ஆடும். ஆனா இந்த நடுக்கத்தைச் சீட்டு நுரையும் தொடைச் சதையும் பெருமளவு விழுங்கிவிடும். குடல்வரை போய்ச் சேருவது கொஞ்சம்தான். வெளியே பயங்கரமாகத் தெரியும் நடுக்கம் உள்ளேயும் அப்படியே வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது இதில் தெரிகிறது.

அப்போ அண்ணாச்சி சொன்ன செரிமானம்? கடைசி சீட்டில் குலுங்கினால் இரைப்பை வேகமாகக் காலியாகும் என்று நம்பும்படியான சான்று இல்லை. அம்பையில் இறங்கும்போது பசிப்பதற்கு எளிய காரணம், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகியிருப்பது.

நூறு வருஷம் கழிச்சு

இப்போ ஒரு திருப்பம். 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நாள்பட்ட மலச்சிக்கலுக்கு ஒரு கேப்சூலை அனுமதித்தது. அதில் மருந்தே இல்லை. உள்ளே ஒரு குட்டி மோட்டார். விழுங்கினால் பெருங்குடலுக்குப் போன பிறகு விட்டு விட்டு அதிரும், குடல் சுவரை உள்ளிருந்தே தட்டித் தூண்டும். வேலை முடிந்ததும் தானாக வெளியே வந்துவிடும். குடலை அதிர்வால் தூண்டலாம் என்ற கெல்லாக்கின் எண்ணமேதான். நாற்காலி வெளியே இருந்து முழு உடம்பையும் குலுக்கியது, இது தேவையான இடத்தில் மட்டும் தட்டுகிறது.

ஆனா அனுமதி வாங்கித் தந்தது மோட்டார் மட்டும் இல்லை. ஆய்வில் ஒரு குழுவுக்கு அதிரும் கேப்சூல், இன்னொரு குழுவுக்குப் பார்க்க அச்சு அசலாக அதேபோல இருக்கும், அதிராத கேப்சூல். யாருக்கு எது என்று விழுங்கியவருக்குத் தெரியாது. வாரத்துக்குக் குறைந்தது ஒரு முறை கூடுதலாக முழுசாக வயிறு போனவர்கள் அதிர்ந்த குழுவில் சுமார் 39 சதவீதம். அதிராத குழுவில் சுமார் 22 சதவீதம்.

அந்த 22ஐக் கொஞ்சம் நின்னு பாருங்க. எதுவுமே செய்யாத பிளாஸ்டிக்கை விழுங்கி, நூற்றுக்கு 22 பேர் தேறியிருக்கிறார்கள். கெல்லாக்கின் நாற்காலியிலிருந்து எழுந்து நன்றி சொன்னவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் வருவார்கள்? ஷார்கோவின் நாற்காலியையும் 2012இல் சிகாகோவில் இப்படித்தான் சோதித்தார்கள். அதிர்வு பெற்ற நடுக்குவாத நோயாளிகளும் தேறினார்கள், அதிர்வே இல்லாமல் சும்மா உட்கார்ந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள்.

கெல்லாக்கின் கடைசிக் காலம் நல்லபடியாக இல்லை. 1928இல் பெரிய கட்டடம் எழுப்பினார், மறுவருஷமே பொருளாதாரப் பெருவீழ்ச்சி வந்தது. பணக்கார நோயாளிகள் நின்றுபோனார்கள். 1933இல் சான் கடன் கொடுத்தவர்கள் சார்பான நிர்வாகத்துக்குப் போனது. 1942இல் கட்டடத்தை ராணுவம் வாங்கி மருத்துவமனையாக்கிக்கொண்டது. சாகும் முன் தம்பிக்கு மனம் திறந்து, மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். ஐயாவுக்கு இது கௌரவக் குறைவு என்று நினைத்துச் செயலாளர் அதை அனுப்பவில்லை. 1943 டிசம்பர் 14 அன்று, 91 வயதில் கெல்லாக் இறந்தார். தம்பி கைக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது சில வருஷம் கழித்து.

அவர் சொன்னதில் தவிடும், நடையும், புகையிலை எதிர்ப்பும் இன்றைக்கும் நிற்கின்றன. தன்விஷமும், மனிதரைத் தரம்பிரித்த கொள்கையும் விழுந்துவிட்டன. ரெண்டையும் அவர் ஒரே குரலில், ஒரே உறுதியோடுதான் சொன்னார். குரலை வைத்து எது நிற்கும் எது விழும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அந்த நாற்காலி இன்னும் சாகவில்லை. மேலே ஏறி நின்னாலே தொப்பை கரையும், ஜீரணம் சீராகும்னு அதிரும் தட்டு ஒண்ணு உங்க போன் விளம்பரத்துல அடிக்கடி வரும். அடுத்த தடவை அது வரும்போது, அல்லது உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு நீங்களே ஒரு கருவி செய்யும்போது, மூணு கேள்வி கேளுங்க. எத்தனை ஹெர்ட்ஸ்? எவ்வளவு நேரம்? எதோட ஒப்பிட்டுப் பார்த்தீங்க?

மூணாவதுக்குப் பதில் வரலைன்னா, அட்டைப்பெட்டியை மூடி வெச்சிடலாம்.